இரண்டு தட்டு

நெடுங்கோம்பை மலைப்பாதையின் பத்தொன்பதாவது வளைவில், காற்று இத்தனை காலம் வாங்கி வைத்திருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்த வருஷத்தில், அடிவாரத்தில் தக்காளி விலை ஏறியிருந்தது, மலைமேல் மிளகு நன்றாகக் காய்த்திருந்தது, ஊர்க்காரர்கள் மூன்றையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பாதையில் நாற்பத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஒரு நாளைக்கு நான்கு நடை. மற்றபடி போவதும் வருவதும் மோட்டார் சைக்கிளில்தான். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், நடுவில் குழந்தையோ பலாப்பழமோ எது இருக்கிறதோ அது. பின்னால் உட்கார்ந்து சொல்வது முன்னால் இருப்பவருக்குக் கேட்காது, ஏனென்றால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் காற்று வாயிலிருந்து சொல்லை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடும். இது தெரிந்த பிறகு ஜனங்கள் அதற்கேற்றாற்போல் பழகிக்கொண்டார்கள். வீட்டில் சொல்ல முடியாததை வண்டியில் சொல்வார்கள். மாமியாரைப் பற்றியும், போடாத வளையலைப் பற்றியும், வேறொருவரைக் கட்டியிருக்கலாம் என்பதைப் பற்றியும், உங்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா என்பதைப் பற்றியும் அந்த முதுகுகளிடம் சொல்லிக்கொண்டே போவார்கள். ஏதோ சத்தம் வந்ததே என்று முன்னால் இருப்பவர் “என்ன?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்று விடுவார்கள். சொன்ன பாரமும் இறங்கிவிடும், சொன்னதாகவும் ஆகாது.

மிளகு வியாபாரி அந்தோணிசாமிதான் ஹெல்மெட்டுக்குள் ஒட்டும் பேச்சுக் கருவியை முதலில் வாங்கியவர். காதருகே பாட்டில் மூடி அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர், வாய்க்கு எதிரே அரிசி மணி போல ஒரு மைக், கம்பி எதுவும் வெளியே கிடையாது, ஓட்டிக்கொண்டே சேலத்து மண்டிக்காரர்களோடு விலை பேசலாம். வாங்கிய மறுநாள் பத்தொன்பதாவது வளைவில் அவர் காதுக்குள், இறந்து ஆறு வருஷமாகிவிட்ட மனைவி லூர்துமேரியின் குரல், “ஏங்க, அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல, திரும்பிப் போலாமா?” என்று கேட்டது. அந்தோணிசாமி வண்டியை ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் யோசித்து, “அணைச்சுட்டுத்தான்டி வந்த” என்று சொல்லிவிட்டு மேலே போனார். திரும்பி வரும்போது அடிவாரத்தில் ஹெல்மெட் கடை வைத்திருக்கும் முபாரக்கிடம், “செட்டு நல்லாருக்குப்பா. ஆனா பழைய போன் காலெல்லாம் வருது” என்று புகார் சொன்னார்.

பழுதென்று முதலில் நினைத்த முபாரக், தானே ஒன்றை மாட்டிக்கொண்டு ஏறிப் போனான். பழுதில்லை என்று தெரிந்ததும் கடை வாசலில் இருந்த பலகையில், ‘வளைவுக்கு ஏற்றது’ என்று ஒரு வரியைச் சேர்த்து எழுதிவிட்டான்.

அதன் பிறகு ஊர் அதற்கு வழி செய்துகொண்ட விதம், ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலத்துக்கு வழி செய்துகொள்வதைப் போலத்தான் இருந்தது. வளைவின் உட்புறம் இருந்த புதரை வெட்டி, எட்டு வண்டி நிற்கும்படி பஞ்சாயத்தில் மண் கொட்டினார்கள். ஓட்டிக்கொண்டே கேட்கக்கூடாது, ஓரம் கட்டித்தான் கேட்க வேண்டும், கேட்டு அழுகிறவர்கள் கண்ணைத் துடைத்த பிறகே வண்டி எடுக்க வேண்டும் என்று செக்போஸ்ட் ஏட்டு கையால் எழுதி ஒட்டினார். டீக்கடைக்காரர் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டார். கேட்டுவிட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை என்று தானாக ஒரு மரியாதை உண்டாயிற்று. முகத்தைப் பார்த்துச் சர்க்கரையைக் கூட்டிப் போடுவதோடு டீக்கடைக்காரரும் நிறுத்திக்கொண்டார். நாள் போகப் போக ஜனங்களுக்கு அந்தக் காற்றின் நியாயம் பிடிபட்டது. அது யாருடைய சொல்லையும் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரே வண்டியில் கூட இருந்து, காதில் விழாமல் போனவருக்கு மட்டும்தான் கொடுக்கும்.

நான்கு குடும்பங்களில் சண்டை வந்தது. ஒரு வீட்டில் பதினெட்டு வருஷமாகக் கேட்காத வளையல் வந்தது. பின் இருக்கையில் உட்கார்ந்து பழகிய பெண்கள், தாங்கள் எந்தெந்த வருஷத்தில் எதை எதைச் சொன்னோம் என்று மனதுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டு, சோற்றை வடிக்கும்போது சற்று நேரம் அப்படியே நின்றார்கள்.

தமயந்தியும் நின்றாள்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. மலைமேல் கிளைத் தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டர். அவள் கணவன் பொன்னுரங்கம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருஷமாக அவள் பின்னால், அவர் முன்னால், பழைய புல்லட். பேச்சு கேட்காது என்பதால் அவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. அவர் வலது தோளில் அவள் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் போகலாம். வேறு தட்டுக் கிடையாது. இரண்டு தட்டு விழாமல் பொன்னுரங்கம் ஒருநாளும் வண்டியை நகர்த்தியதில்லை, மழையானாலும் பின்னால் பஸ் ஹாரன் அடித்தாலும்.

அப்படிப்பட்டவர் ஆவணி மாதத்தில் ஒருநாள் மனைவியை வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இருபத்தேழாவது வளைவில் குடை விழுந்ததென்று அவள் ஒரு தட்டுத் தட்டி இறங்கியபோது, தோளில் தொங்கிய தபால் பை ஆடி அவர் தோளில் இரண்டு முறை இடித்தது. அவர் புறப்பட்டுவிட்டார். “ஏனுங்க! ஏனுங்க!” என்று அவள் கூப்பிட்டது காற்றோடு போயிற்று. தபால் நிலையம் வரைக்கும் தக்காளி விலையைப் பற்றித் தனியாகப் பேசிக்கொண்டே போய், ஸ்டாண்டு போட்டுத் திரும்பினால் இருக்கை காலியாக இருந்தது. திரும்பி வந்து பார்க்கும்போது அவள் கல்லில் உட்கார்ந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“தட்டு தப்பாப் போச்சு,” என்றார். பிறகு, யாரிடமோ சொல்வதைப் போல, “மறுபடியும்,” என்றார்.

அந்த ‘மறுபடியும்’ என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

“இனிமே நீ கூப்பிட்டா எனக்குக் கேக்கோணும். முபாரக் கடைக்குப் போறோம்,” என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவரிடமிருந்து மறைத்து வைத்த சொல் ஒன்று பத்தொன்பதாவது வளைவில் இருந்தது.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்பு அவர்கள் மலைமேலேயே, தபால் நிலையத்தை ஒட்டிய வீட்டில் குடியிருந்தார்கள். குமுதினி என்று நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். மார்கழியில், விடிகிற நேரத்தில், குழந்தைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். போர்வையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பத்தொன்பதாவது வளைவில் பனி சுவராக நின்றது. பொன்னுரங்கம் வண்டியை நிறுத்தினார். திரும்பி, “என்ன?” என்றார். குழந்தையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “தூங்கறா” என்றாள். பனிக்காக நிற்கிறார், பாதை அவருக்குத்தான் தெரியும் என்று அவள் பேசாமல் இருந்தாள். கால் மணி நேரம் நின்றார்கள். பனி கலைந்த பிறகு, “இப்பப் போலாமே” என்று அவள் கத்தி இரண்டு தட்டுத் தட்டியதும் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, “ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா” என்று சொல்லி வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

வீட்டைக் காலி செய்து அடிவாரத்துக்கு வருவதற்காகச் சாமான் எடுக்கப் போன நாளில், அதே வளைவில், அந்த முதுகைப் பார்த்து அவள் சொன்னாள்: “நீங்கதான் கொன்னீங்க.”

“என்ன?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்ல.”

ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அவளுக்கு டைபாய்டு வந்தபோது அவர் தலை பின்னிவிட்டதும், அவர் கம்பத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது அவள் மூன்று மாதம் கஞ்சி ஊட்டியதும், வேறு குழந்தை இல்லாததைப் பற்றி இருவரும் பேசாமல் இருந்ததும் எல்லாமாகச் சேர்ந்து ஒரு வாழ்க்கையாக ஆகிவிட்டது. அந்தச் சொல்லை அவள் இப்போது நம்பவில்லை. ஆனால் சொன்ன அன்றைக்கு முழுசாக நம்பித்தான் சொன்னாள், காற்று அதை அந்த நம்பிக்கையோடுதான் வைத்திருக்கும்.

முபாரக் மூன்று செட்டுகளைக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தான்.

“இது சாதாரணமானதுங்கக்கா. ஒரே பட்டன். மழைக்கு ஆகாது. காத்து இரைச்சல் சாஸ்தியா இருக்கும். இது நடுத்தரம், மழை தாங்கும், ஒரு நாள் பூரா சார்ஜ் நிக்கும். இது மேல்தரம், இரைச்சலத் தனியாப் பிரிச்சு எடுத்துரும், மூச்சு விடறதுகூடக் கேக்கும்.”

“வளைவுல?” என்று தமயந்தி கேட்டாள்.

முபாரக் குரலைத் தாழ்த்தினான். எத்தனையோ பெண்கள் அவனிடம் இதைக் கேட்டிருந்தார்கள். “சாதாரணத்துல பாதிதான் வரும். வாக்கியத்தோட வாலு அறுந்துரும்.”

அவள் மனதுக்குள் அறுத்துப் பார்த்தாள். ‘நீங்கதான்’ என்று மட்டும் கேட்கும். அதற்குப் பின்னால் அவர் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நீங்கதான் எனக்கு எல்லாம். நீங்கதான் சாவியை எடுத்தீங்க. உலகத்தில் எத்தனை நல்ல வாக்கியங்கள் அப்படித் தொடங்குகின்றன.

“இதுவே போதுமுங்க,” என்று சாதாரணமானதைத் தொட்டாள். “நமக்கென்ன, பாட்டா கேக்கப் போறோம்?”

“போஸ்ட்மாஸ்டரம்மா, ஊரே நல்லாக் கேக்கறதத் தேடி வருது. நீங்க மட்டும் கேக்காததுக்கு ஆசப்படறீங்களே,” என்று முபாரக் சிரித்தான்.

“உன் வேலையப் பாருடா. மழைக்கு ஆகாதுன்னா ஒரு பிளாஸ்டிக் பையக் கட்டிக்கறோம்.”

“ஹெல்மெட்டுக்குப் பிளாஸ்டிக் பையா? அண்ணன் தக்காளிப் பொட்டலமாட்ட இருப்பாரு.”

பொன்னுரங்கம் மூன்றையும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார், கம்பத்தில் ஏறுவதற்கு முன் கயிற்றை இழுத்துப் பார்க்கிற மாதிரி. பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பின்னால இருக்கறவ எறங்கி நின்னு கூப்புட்டா, எத்தன தூரம் வரைக்கும் கேக்கும்?”

“சாதாரணத்துல பத்து பதினஞ்சு அடிங்கண்ணா. நடுத்தரத்துல ரெண்டு வளைவு வரைக்கும்.”

“நடுத்தரம் குடு. ஜோடியா.”

முபாரக் நிமிர்ந்தான். “ஜோடியாவா? வளைவுக்கு ஒண்ணு போதுமுங்கண்ணா. எல்லாரும் ஒண்ணுதான் வாங்கறாங்க. அக்கா ஹெல்மெட்டே போடறதில்லையே.”

“நான் வளைவுக்கு வாங்கலப்பா. இவ கூப்புட்டா எனக்குக் கேக்கோணும், நான் கூப்புட்டா இவளுக்குக் கேக்கோணும். அவளுக்கும் ஒரு ஹெல்மெட் எடு. கொண்டை இடிக்காததா.”

நெடுங்கோம்பையில் எந்தப் பெண்ணும் பின் இருக்கையில் ஹெல்மெட் போட்டதில்லை. பூ கசங்கும் என்பார்கள், மூச்சு முட்டும் என்பார்கள். தமயந்தி நான்கு ஹெல்மெட் மாட்டிப் பார்த்து, ஐந்தாவதில், உள்ளே புதுத் துணியின் வாசனையோடு உலகம் சற்று விலகி நிற்பதை உணர்ந்தாள். முபாரக் ஸ்பீக்கரை அவள் காதுக் குழிக்கு நேராக ஒட்டி, தள்ளி, மறுபடி ஒட்டினான். “அரை விரல் தள்ளிப்போனாலும் கேக்காதுங்கக்கா. நேரா இருக்கோணும்.”

அரை விரல் தள்ளி அவர் ஹெல்மெட்டில் ஒட்டிவிட்டால் என்ன என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. வாய் திறப்பதற்குள் அவன் அதை ஒட்டி முடித்திருந்தான்.

மறுநாள் காலை அவர்கள் புறப்பட்டார்கள். அடிவாரம் தாண்டியதும் அவள் காதுக்குள், மிக அருகில், தலையணையில் படுத்துக்கொண்டு பேசுவது போல, “கேக்குதா?” என்றார் பொன்னுரங்கம்.

இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பாதையில் ஓடும் வண்டியில், ‘என்ன?’ என்பதைத் தவிர, அவள் கேட்ட அவருடைய முதல் முழுச் சொல் அது. அவர் குரலில் லேசாக ஒரு கரகரப்பு இருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது.

“கேக்குதுங்க.”

“தட்ட வேண்டாம் இனிமே. வாயில சொன்னாப் போதும்.”

ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுகள் போயின. காற்றிடம் முன்னே சொல்லி வைத்ததை அது கொடுப்பதற்குள் நானே கொடுத்துவிட்டால் என்ன என்று ஏழாவது வளைவில் நினைத்தாள். பதினோராவதில் வாயைத் திறந்தாள். “ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“சொல்லு.”

அந்த ‘சொல்லு’ அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ‘என்ன?’ என்று அவர் கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரியும். ‘சொல்லு’வுக்குப் பதில் தெரியவில்லை. அவள் மூச்சு மட்டும் மைக்கில் போயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. பதினைந்து, பதினாறு. தைல மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. பதினெட்டு.

பத்தொன்பதாவது வளைவில், மண் கொட்டிய இடத்தில், ஏட்டு எழுதி ஒட்டியிருந்தபடி ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்தார். பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வந்தது. தமயந்தி கண்ணை மூடிக்கொண்டு, அவர் காதில் தன்னுடைய குரல் விழுவதற்காகக் காத்திருந்தாள்.

விழுந்தது அவள் காதில். அவருடைய குரல்.

முன்னால் இருப்பவர்களும் பேசியிருப்பார்கள் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பெண்கள் யாரும் ஹெல்மெட் மாட்டாததால் காற்றும் அதைக் கொடுக்க வழியில்லாமல் வைத்திருந்தது. இப்போது அது ஒரே நாளின் குரலாக இல்லாமல், கரகரப்பு இல்லாத வயதிலிருந்து கரகரப்பு ஏறிய வயது வரை, காலை காலையாக, மழைக்காலமும் வெயில் காலமுமாக, தபால்கட்டைப் பிரித்தது போல வந்தது.

“குமுதாக்கண்ணு, அப்பா போறேன்டா.”

“குமுதாக்கண்ணு, இன்னைக்கும் பனிடா. அன்னைக்கு மாதிரியே.”

“அம்மா ஒரு தட்டுத் தட்டுனாடா கண்ணு. அதான் நிறுத்துனேன். பனிக்கு நான் நிறுத்தல. இந்தப் பாதைய நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன். ரெண்டு தட்டு வரும், ரெண்டு தட்டு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தூங்கறான்னு சொன்னா. சரி, தூங்கட்டும்னு நெனச்சுட்டாளாட்ட இருக்குதுன்னு இருந்தேன்.”

“போர்வை நழுவுச்சு போல. அதப் புடிக்கப் போன கை பட்டிருக்கு. அம்மாவுக்குத் தெரியாது.”

“தெரிய வேண்டாம்டா கண்ணு. நான் நிறுத்துனதாவே இருக்கட்டும்.”

இந்தக் கடைசிச் சொல் பல குரல்களில் பல முறை வந்தது. நான் நிறுத்துனதாவே இருக்கட்டும். இருக்கட்டும். தமயந்தி தன் வலது கையைப் பார்த்தாள். போர்வை நழுவியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பச்சைக் கரை போட்ட போர்வை. இழுத்து மேலே போட்டது ஞாபகம் இருந்தது. கை எங்கே பட்டது என்று ஞாபகம் இல்லை.

காற்று நின்றது. முன்னால் அவர் முதுகு அசையாமல் இருந்தது.

“வந்துச்சுங்களா?” என்றாள்.

“வந்துச்சு.”

“என்னோடது.”

“ம். அது எனக்குத் தெரிஞ்சதுதான் தமயந்தி. கண்ணாடியில உன் வாயப் பாத்தேன் அன்னைக்கே. அதுக்கப்புறந்தான், நீ தட்டலங்கறதே எனக்கு வெளங்குச்சு,” என்று ஆரம்பித்தவர், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று சட்டென்று நிறுத்தினார். “உனக்கும் எதாச்சும் வந்துச்சா?”

இருபத்து மூன்று வருஷமாக அவர் பிடித்து வைத்திருந்ததை அவர் கையிலேயே விட்டுவிடலாம். அதற்கு அந்த ஊரில் ஒரு சொல் தயாராக இருந்தது, எல்லாப் பின் இருக்கைகளிலும் தேய்ந்து வழவழப்பான சொல். ஒண்ணுமில்ல. அவள் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. அரிசி மணி அளவு மைக் அவள் உதட்டுக்கு எதிரே காத்திருந்தது.

“நான் தட்டினேனுங்களா?” என்று கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் கண்களின் ஓரம் மட்டும் தெரிந்தது.

“தட்டலம்மா,” என்றார். “கை பட்டுச்சு. அவ்வளவுதான்.”

“கால் மணி நேரம்.”

“ரெண்டு பேரும்தான் நின்னோம்.”

அவர்களுக்குப் பின்னால் ஒருவர் வண்டியை நிறுத்தி, இடம் வேண்டும் என்று சங்கடத்தோடு ஒரு சின்ன ஹாரன் கொடுத்துவிட்டு, தமயந்தியின் தலையில் ஹெல்மெட்டைப் பார்த்துத் திகைத்து, மரியாதைக்காகப் பள்ளத்தாக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீக்கடைக்காரர் இரண்டு டம்ளரில் சர்க்கரையைக் கூட்டிப் போடலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஏட்டு எழுதி ஒட்டியிருந்தபடி, தமயந்தி ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தபால் நிலையம் ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும்.

“போலாமுங்க,” என்றாள்.

அவருக்குக் கேட்டிருக்கும். நடுத்தரமான செட்டு, இரண்டு வளைவு தூரம் வரைக்கும் கேட்கும் என்று முபாரக் சொல்லியிருந்தான். இஞ்சின் முழித்துக்கொண்டு மெதுவாகத் துடித்தது. ஆனால் வண்டி நகரவில்லை. அவர் வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, முன்னால் பாதையைப் பார்த்தபடி, எத்தனை நேரமானாலும் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

தமயந்திக்குப் புரிந்தது. மடியில் இருந்த தபால் பையை நகர்த்தி வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள். ஒரு தட்டு. நடுவில் ஒரு மூச்சு அளவு இடம் விட்டாள், எதுவும் எதன்மேலும் தவறிப் பட்டதாக இருக்கக் கூடாதென்று.

இன்னொரு தட்டு.

வண்டி இருபதாவது வளைவை நோக்கி ஏறியது.